மலாவியில் ஆடி மாதம்

எங்கள் வயலில் கதிர் வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்து வயலில் மாப்பிள்ளைச் சம்பா என் நெஞ்சு உயரத்துக்கு நின்று, தூருக்குத் தூர் கதிரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. என் மாமியார் சகாயம்மாள் வரப்பில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் செல்போனை எடுத்து, இதே விதையை இதே ஆடியில் மலாவியில் விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் ரூபனைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சங்ககிரிக்கு மேற்கே, மேட்டூர்க் கிழக்குக்கரை வாய்க்கால் பாய்கிற பக்கம். இங்கே ஆம்பளைகளில் பாதிப் பேர் லாரியோடு போவார்கள், மீதிப் பேர் போர் போடுகிற ரிக் வண்டியோடு போவார்கள். ரூபன் ரிக்கோடு போனார். மலாவி ஆப்பிரிக்காவின் தெற்கில் இருக்கிற சின்ன நாடு. ஊர் ஊராகக் கைபம்புக்குத் துளை போடுகிற வேலை. வேலை முடிந்து வண்டி அடுத்த நாட்டுக்குக் கிளம்பியபோது இவர் மட்டும் ஏறவில்லை. ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, ஈரம் காயாத பெரிய பள்ளக்காடு இருப்பதைப் பார்த்துவிட்டார். ரூபனுக்குத் தண்ணீரைக் கண்டால் நெல் ஞாபகம் வந்துவிடும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு நெல் தெரியாமல் இல்லை. மழை தொடங்கும்போது அவர்களுடைய நெல்லை நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் அறுப்பார்கள். மீதி மாதங்களில் அந்தப் பள்ளத்து ஈரத்தில் மக்காச்சோளமும் பூசணியும் போடுவார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறவர்கள். அந்தச் சோளம்தான் அடுத்த அறுப்பு வரைக்கும் வீட்டுச் சாப்பாடு. இவர் போய், ஆற்றில் தண்ணீர் சும்மா ஓடுகிறது, பம்பு வைத்து ஏற்றினால் மழைக்கு முன்னாலேயே ஒரு போகம் எடுக்கலாம் என்று பேசிப் பேசி, கோயில் விவசாயிகள் சங்கத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டார். முறையாக அனுமதி வாங்கி எங்கள் வீட்டு விதை நெல்லை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். இந்த வருஷம் அந்தப் பள்ளத்தில் ஒருவரும் சோளம் போடவில்லை. கிறிஸ்துமஸுக்குப் புது நெல் வீட்டுக்கு வரும் என்று இவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி எல்லாரும் நட்டுவிட்டார்கள்.

விதைத்தது ஆடியில். வாய்க்காலில் தண்ணீர் விடுவது ஆடி, நாற்று விடுவது ஆடி. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் தாண்டிப் போனாலும் மாதம் கூடவே போகும் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குரலில் தெம்பு ஏற்றிக்கொண்டு பேசுகிற ஆள் எப்படிப் பேசுவான் என்று பொஞ்சாதிக்குத் தெரியாதா?

"பயிரு கெட்டுப் போகலை புள்ள. ஒரு ஆளு ஒசரம் நிக்குது. பச்சைன்னா அப்படியொரு பச்சை."

"பச்சையை நான் கேக்கலீங்க. கதிரு?"

"இங்க ஆடியில குளுரு. நாத்து மொள்ள வந்துச்சு. அதனால கொஞ்சம் பிந்துது."

"தண்டைக் கிழிச்சுப் பாத்தீங்களா?"

நெல்லுக்குக் கதிர் வெளியே தெரிவதற்கு வெகு முன்னாலேயே தண்டுக்குள் பிஞ்சாக இருக்கும். நகத்தால் கிழித்துப் பார்த்தால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். இது எங்கள் வீட்டில் எல்லாரும் செய்கிற வேலை.

"பாத்தேன் பாத்தேன். பிஞ்சு இருக்குது."

"ஒரு போட்டோ அனுப்புங்க."

"நெட்டு சரியில்லை புள்ள. அப்புறம் வாரேன்," என்று வைத்துவிட்டார். மறுநாள் ஒரு போட்டோ வந்தது. கிழித்த தண்டு இல்லை. காலையில் முதல் பூசைக்குப் போகும்போது கோயில் வாசலில் அவர் எடுத்துக்கொண்ட படம். நெட்டு அதற்கு மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

அந்தப் படத்தை நான் மாட்டுக் கொட்டகையில் வைத்துத்தான் பார்த்தேன். மணி ஆறுதான், அதற்குள் இருட்டிவிட்டதால் லைட்டைப் போட்டுவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்திருந்தேன். ஆடியில் இதே நேரம் வெளிச்சத்திலேயே கறந்து முடித்துவிடுவேன். படத்தில் ரூபன் கண் கூசச் சிரித்துக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பூசைக்கு முன்னால் இந்த வெயிலா? ஆடியில் இதே பூசைக்கு டார்ச் அடித்துக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவதாகச் சொன்னாரே. மாடு காலை உதறியது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

இங்கே பொழுது சுருங்கிக்கொண்டே வருகிறது. அங்கே பொழுது நீண்டுகொண்டே போகிறது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பேர் சும்மா வைக்கவில்லை. முகூர்த்தம் பார்க்காமல் அது வெளியே வராது. பொழுது சுருங்கி, பனி இறங்கினால்தான் கதிர் விடும். காலம் தப்பி விதைத்தால் புல்லாக வளர்ந்துகொண்டே நிற்கும். இது தெரிந்துதான் இங்கே ஆடியில் விதைக்கிறோம். ஆனால் விதைக்கிற மாதம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, காரணம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் வேளாண்மை அலுவலகத்தில் இருக்கும் அமுதவல்லி மேடத்துக்குப் போன் போட்டேன். நான் நினைத்தது தப்பு என்று அந்தம்மா சொல்லிவிடமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிங்க லிடியா. அங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் பகல் கூடிக்கிட்டேதான் போகும். அப்புறம் கொறைஞ்சு, பங்குனி சித்திரையிலதான் கதிர் வரும். அதுவரைக்கும் மழையில சாயாம நின்னாத்தான்," என்றார்.

"இப்பவே அறுத்துட்டா?"

"மாட்டுக்குத் தீவனமாகும். நிலமாச்சும் காலியாகும். அவங்க மழைக்கு நாத்து விடற நேரம் இதுதானே? இதை விட்டா அந்தப் போகமும் போச்சுங்க."

ஒரு போகம் போனது போனதுதான். சோளமும் போயிற்று. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களுடைய சொந்த நெல்லும் போகும். அதற்கப்புறம் ஒரு ஊரே எதைச் சாப்பிடும்? ரூபனைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாக எடுத்தார்.

"ஏனுங்க, அங்க பனி இறங்குதுங்களா?"

"பனியா? வெயிலு மண்டையைப் பொளக்குது. ஏன்?"

"ஆடியில குளுருன்னு சொன்னீங்களே."

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப அது ஆடி இல்லீங்க. காலண்டர்லதான் ஆடி. அந்த ஊருக்கு அது தை. நீங்க தையில சம்பா விதைச்சிருக்கீங்க."

நான் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அறுத்துவிடுங்கள், அவர்கள் நாற்று விடட்டும், கூட்டம் போட்டு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கென்னடி தெரியும்? இத்தனை சனத்துகிட்டப் போயி, நட்டதைப் புல்லுன்னு சொல்லி அறுங்கன்னு நான் சொல்லோணுமா? கதிரு வரும். நீ போனை வை."

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேருகிறது, பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, கோபம் அடங்கியதும் பயம் வந்தது. பயம் வந்த பிறகு கோபமே பரவாயில்லை என்று இருந்தது. எங்கள் பக்கம் வெள்ளாமை கைவிட்ட வீடுகளில் என்னென்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பூச்சிமருந்து டப்பாவை யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சகாயம்மாளிடம் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஜெபமாலையைக் கையைவிட்டு இறக்கவில்லை.

"என்ற பையன் பேசுனானா சாமி?"

"பேசுனாருங்க அத்தை. நீங்க ஊட்டுல இல்லாதப்போ."

"அதெப்படிச் சாமி, நான் எந்நேரமும் ஊட்டுலதான இருக்கறேன்," என்றார் அவர். நான் அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் யாமிகானியைக் கூப்பிட்டேன். யாமிகானி அந்த ஊர்க்காரன். ரிக் வண்டியில் நம் ஆட்களோடு வருஷக்கணக்கில் வேலை செய்தவன். கெட்ட வார்த்தையில் தொடங்கி 'ங்க'வில் முடிகிற தமிழ் அவனுடையது. முதல் பாதியை என்னிடம் பேசுவதில்லை. ரூபன் அவனுக்கு அண்ணன், நான் அக்கா. அவனும் அவன் அம்மாவும் அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டில் நட்டிருந்தார்கள். வீடியோவில் அவன் முகம் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் உசுரோட இருக்காரா?" என்பதுதான்.

"இருக்காருங்க அக்கா. நல்லா... இருக்காருங்க." அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

"யாமிகானி, நீ வயல்லயா இருக்கற? ஒரு தண்டைப் புடுங்கிக் கிழிச்சுக் காட்டு சாமி."

அவன் ஒன்றும் கேட்காமல் ஒரு தண்டைப் பிடுங்கினான். கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை கிழித்துக் காமிராவுக்கு நேரே பிடித்தான். உள்ளே வெறும் குழல். "இன்னொண்ணு," என்றேன். அதுவும் அப்படியே. நடு வயலுக்குப் போய்க் கிழிக்கச் சொன்னேன், மடை ஓரத்தில் கிழிக்கச் சொன்னேன். ஒன்றிலும் பிஞ்சு இல்லை.

"போதுங்க அக்கா," என்றான் அவன். போனைக் கீழே தாழ்த்தி வரப்பைக் காட்டினான். வரப்பு நெடுக, காய்ந்தும் காயாமலும், கிழித்த தண்டுகள் கிடந்தன. கிழிக்கப்படாத தண்டு ஒன்றுகூட அதில் இல்லை. "அண்ணன் டெய்லி காலையில வருவாருங்க. யாரும் வாரதுக்கு முன்னாடி வந்து கிழிச்சுப் பாப்பாருங்க. பாத்துட்டு அப்படியே உக்காந்துக்குவாருங்க."

"உங்க ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்ங்க. நாங்களும் கிழிச்சுப் பாத்தோமுங்க. அண்ணன் இருந்தா நாங்க சுத்திப் போயிருவோம்ங்க, பாக்காத மாதிரி."

"அப்புறம் ஏன் யாரும் கேக்கலை?"

"எப்படிங்க கேக்கறது? எங்க ஊருக்கு அவரு விருந்தாளிங்க. அவரே சொல்லட்டும்னு இருக்கோம்ங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் வாயைத் திறக்க வெட்கம், அவர்களுக்குக் கேட்கக் கூச்சம். இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்க, நாற்று விடுகிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "மழை?" என்று கேட்டேன். யாமிகானி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் வந்துருச்சுங்க," என்றான்.

இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, மருந்து வைத்திருக்கிற ரூமைப் பூட்டிச் சாவியை அவனே வைத்துக்கொள்ள வேண்டும். அவன் எதற்கென்று கேட்கவில்லை. "முந்தாநாளே வாங்கிட்டேனுங்க," என்றான். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கத்தார் கூடும்போது என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட வேண்டும். அண்ணனையும் கூட்டி வர வேண்டும். நான் தமிழில் சொல்வேன், அவன் அவர்கள் பேச்சில் சொல்ல வேண்டும்.

"அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லாமயா அக்கா?"

"ஆமா," என்றேன்.

ஞாயிறு வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரரை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தப் போகிறவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகள் மழைக்காலம் முழுக்கப் பட்டினி கிடக்குமே என்று அடுத்த நிமிஷம் நினைத்தேன். இந்த மனுஷன் எனக்கு முக்கியமா, முகம் தெரியாத ஒரு ஊர் முக்கியமா என்று யாராவது அன்று கேட்டிருந்தால், மனுஷன்தான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஊர் பட்டினி கிடந்தால் இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அங்கே காலைப் பூசை முடிந்திருந்தது. சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். சகாயம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீடியோ இல்லை, குரல் மட்டும்தான். கோழிச் சத்தம், குழந்தைகள் சத்தம், நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். யாமிகானி ஏதோ சொன்னதும் எல்லாம் அடங்கியது.

"சொல்லுங்க அக்கா."

"யாரு அது? லிடியாவா?" என்று ரூபன் குரல் கேட்டது. நிறுத்தினால் இனிமேல் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"எல்லாருக்கும் கும்பிடுங்க. இந்த நெல்லு இப்போதைக்குக் கதிரு விடாதுங்க. வெதைச்ச காலம் தப்பு. அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டு, உங்க நெல்லை நாத்து விட்டுருங்க. மழை வாரதுக்கு முன்னாடி விட்டுருங்க." அவ்வளவுதான் சொன்னேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை.

யாமிகானி அதை அவர்கள் பேச்சில் மாற்றிச் சொல்லவில்லை.

"சொல்லு யாமிகானி," என்றேன்.

"அக்கா, அண்ணன் முன்னாடி நிக்கறாருங்க," என்றான் அவன் மெதுவாக. "நான் எப்படிங்க சொல்லறது?"

சகாயம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு குழந்தை இருமியது. போனை ரூபன் பிடுங்கி வைத்துவிடுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது ரூபன் பேச ஆரம்பித்தார். தமிழில் இல்லை, அவர்கள் பேச்சில். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவில் 'லிடியா' என்று வந்தது. 'ஆடி' என்று வந்தது. நான் சொன்னது நாலே வார்த்தை. இவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். நான் சொன்னதைத்தான் சொல்கிறாரா, இல்லை, அவள் கிடக்கிறாள், கதிர் வரும், பொறுங்கள் என்று சொல்கிறாரா? கூட்டம் முணுமுணுத்தது. யாரோ ஒரு ஆம்பளை கத்தினார். ரூபன் குரல் உடைந்து, திரும்பவும் தொடர்ந்தது.

"யாமிகானி, என்ன சொல்றாரு? சொல்லு சாமி, என்ன சொல்றாரு?"

"நீங்க சொன்னதைச் சொல்லிட்டாருங்க அக்கா." அவன் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினான். "அதுக்கு மேலயும் சொல்றாருங்க. கதிரு இல்லைன்னு போன மாசமே தெரியும், உங்க மூஞ்சியைப் பாக்கப் பயந்துட்டுச் சொல்லாம இருந்தேன்னு சொல்றாருங்க. உங்க சோளத்தை நாந்தான் போடவிடலைன்னு சொல்றாருங்க."

சகாயம்மாள் அழுதுவிட்டார். நான் அழவில்லை, அங்கே அடுத்து என்ன நடக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல் எழுந்தது. வயசான குரல், கனத்த குரல், விட்டு விட்டு வந்தது. மற்றவர்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

"எங்கம்மாங்க," என்றான் யாமிகானி.

"என்ன சொல்றாங்க? கோபமா?"

"ரொம்பக் கோபமுங்க அக்கா. எல்லாரும் அவரைத் திட்டோணுமாமுங்க. நல்லாத் திட்டோணுமாமுங்க." அவன் நிறுத்தி, அம்மாவின் அடுத்த வார்த்தைகளைக் கேட்டான். "ஆனா அண்ணன் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சுங்க. சாப்பிடாதவனைத் திட்டக் கூடாது, மொதல்ல உக்காந்து சாப்பிடச் சொல்லுன்னு சொல்றாங்க."

பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ பெஞ்சை இழுத்தார்கள்.

"சாப்பிடறாரா?" என்று கேட்டேன்.

"சாப்பிடறாருங்க," என்றான் யாமிகானி. "எல்லாரும் சுத்தி நின்னுட்டுக் காத்துட்டு இருக்காங்க."